இரவு உணவுக் குறிப்பில் நேரமும் அளவும் பானமும் சேரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

முந்தின நாள் இரவு வீட்டிலோ வெளியிலோ என்ன சாப்பிட்டோம், என்ன குடித்தோம் என்று வாசகர்கள் எழுதி அனுப்புவதைத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. நல்ல பழக்கம், மனதார வரவேற்கிறேன். குறை ஒன்று உண்டு. ‘கொஞ்சம் சோறு, ஒரு துண்டு மீன், காய்கறி’ என்று பண்டத்தின் பெயரோடு குறிப்பு முடிந்துவிடுகிறது. இதே வரியைத்தான் பலர் மருத்துவரிடமும் உணவியல் ஆலோசகரிடமும் சொல்கிறார்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு, எப்படிச் சமைத்தது, கூடவே என்ன குடித்தது என்ற நான்கும் இல்லாமல், சர்க்கரை ஏன் ஏறியது என்றோ, நள்ளிரவில் உடம்பெல்லாம் ஏன் தடித்தது என்றோ யாராலும் சொல்ல முடியாது. அந்த நான்கையும் எழுதுவது எப்படி என்று உணவியல் ஆலோசகர் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

முதல் சிக்கல் ஞாபகம். சாப்பிட்டதைக் குறைத்துச் சொல்வது எல்லோரிடமும் உள்ள இயல்பு. அது பொய் சொல்வதாகாது. டியூட்டீரியமும் ஆக்சிஜன்-18-ம் (ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களின் எடை கூடிய வகைகள்) கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்து, சில நாட்கள் சிறுநீரைச் சோதித்து, உடல் உண்மையில் எவ்வளவு ஆற்றலைச் செலவழித்தது என்று கணக்கிடும் முறை இருக்கிறது. எடை மாறாமல் இருப்பவருக்குச் செலவும் வரவும் ஒன்று என்பதால், அவர் சொன்ன கணக்கை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ‘எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை’ என்று முறையிட்ட பத்துப் பேரை இந்த முறையில் சோதித்த ஆய்வு 1992-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. அவர்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்துச் சொல்லியிருந்தார்கள். அவர்களின் வளர்சிதை மாற்றத்தில் கோளாறு ஏதும் தென்படவில்லை.

இந்த மறதிக்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அமெரிக்க வேளாண் துறையின் உணவுக் கணக்கெடுப்பில் ஒருவரிடம் ஒரே நாளைப் பற்றி ஐந்து சுற்றாகக் கேட்பார்கள். முதல் சுற்றில் மனதில் வருவதையெல்லாம் வரிசை பார்க்காமல் சொல்லவேண்டும். இரண்டாவதில் பலரும் மறக்கும் பண்டங்களின் பட்டியலை வாசித்து ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். மூன்றாவதில் நேரமும் வேளையும். நான்காவதில் அளவு, சமைத்த விதம், மேலே சேர்த்தது. ஐந்தாவதில் ‘வேறு ஏதாவது, ஒரு வாய் ருசி பார்த்தது உட்பட’ என்று கடைசியாக ஒரு கேள்வி. இரவு உணவை எழுதுபவர் இதைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. இரண்டாவது சுற்றைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மறப்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது: சாப்பாட்டுக்கு முன் குடித்தது, பரிமாறக் காத்திருக்கும்போது கொறித்தது, ரொட்டியில் தடவிய வெண்ணெய், குழந்தை மிச்சம் வைத்ததை எடுத்துப் போட்டுக்கொண்டது, பாத்திரம் ஒழிக்கும்போது வாயில் போட்டது, படுக்கப்போகும் முன் ஒரு பிஸ்கட்.

அடுத்து அளவு. இங்கே நடக்கும் பெரிய தவறு, பச்சை எடையா வெந்த எடையா என்று குறிக்காமல் விடுவது. 200 கிராம் வெந்த வெள்ளைச் சோற்றில் ஏறக்குறைய 260 கிலோகலோரியும் 56 கிராம் மாவுச்சத்தும் உண்டு. 200 கிராம் அரிசி என்றால் 720 கிலோகலோரி. ஒரே எண், கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். அரிசி தண்ணீரை இழுத்து எடை கூடும். இறைச்சி தண்ணீரை விட்டு எடை குறையும். 150 கிராம் பச்சை இறைச்சி வெந்தபின் 110 கிராம் அளவில் நிற்கும். எலும்போடு நிறுத்ததா, நீக்கி நிறுத்ததா என்பதையும் ஒரு சொல்லில் எழுதிவிடுங்கள்.

‘ஒரு கரண்டி’, ‘ஒரு கிண்ணம்’ என்று எழுதுவதில் தவறில்லை, அந்தக் கரண்டியை ஒருமுறையாவது அளந்திருந்தால். வீட்டுக் கரண்டியைத் தண்ணீரால் விளிம்பு வரை நிரப்பி, தராசில் வைத்த கிண்ணத்தில் ஊற்றுங்கள். தண்ணீர் ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி. கரண்டி, கிண்ணம், டம்ளர், காபிக் கோப்பை நான்கையும் இப்படி அளந்து ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டால் அந்த வேலை முடிந்தது. சமையல் குறிப்புகளில் வரும் ‘கப்’பை நம்பவேண்டாம், ஒருவர் 200 மில்லியைச் சொல்வார், இன்னொருவர் 250 மில்லியைச் சொல்வார்.

எண்ணெய்தான் குறிப்புகளில் அதிகம் காணாமல் போகும் பொருள். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி எண்ணெய், 14 கிராமுக்குச் சற்றுக் குறைவு. சுமார் 120 கிலோகலோரி. பாட்டிலைச் சாய்த்துச் சட்டியில் ‘ஒரு சுற்று’ ஊற்றினால் ஒரு கரண்டியும் விழலாம், மூன்று கரண்டியும் விழலாம். ஊற்றும் முன்பும் பின்பும் எண்ணெய் பாட்டிலையே தராசில் வைத்துப் பார்ப்பது எளிது. பொரித்தெடுத்தால், தொடங்கும் முன் சட்டியில் ஊற்றிய எண்ணெயின் எடையிலிருந்து, ஆறியபின் மிஞ்சியதன் எடையைக் கழியுங்கள். பண்டத்தோடு போனது ஏறக்குறைய அந்த வித்தியாசம்தான்.

குடும்பத்துக்கே ஒரு பாத்திரத்தில் சமைத்ததில் தன் பங்கைக் கணக்கிட முடியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். முடியும். வெறும் பாத்திரத்தை ஒருமுறை நிறுத்து, எடையை நினைவில் வையுங்கள். 900 கிராம் என்று கொள்வோம். சமைத்து முடித்ததும் பாத்திரத்தோடு நிறுத்தால் 2,400 கிராம். உள்ளே இருப்பது 1,500 கிராம். அதில் தாளிக்கவும் வதக்கவும் சேர்த்து 4 மேசைக்கரண்டி, ஏறக்குறைய 55 கிராம் எண்ணெய் போயிருக்கிறது. தட்டைத் தராசில் வைத்துச் சுழியாக்கிவிட்டுப் பரிமாறியபோது 250 கிராம் வந்தது என்றால் உங்கள் பங்கு ஆறில் ஒன்று. எண்ணெயில் உங்களுக்கு வந்தது 9 கிராம், 80 கிலோகலோரி. உப்பு, சர்க்கரை, தேங்காய், இறைச்சி எல்லாவற்றுக்கும் இதே ஆறில் ஒன்று பொருந்தும். குழம்பாக இருந்தால் பரிமாறும் முன் அடிவரை கலக்கவேண்டும். எண்ணெய் மேலே மிதக்கும், முதலில் எடுப்பவருக்கு அதிகம் போய்விடும்.

தட்டில் மிச்சம் வைத்ததை எழுதாத குறிப்பு அரைக்குறிப்பு. பரிமாறியதை எழுதியவர்கள் மிச்சத்தை மறந்துவிடுவார்கள். வயதானவர்களுக்கும் நோயிலிருந்து தேறுபவர்களுக்கும் இந்தத் தவறு எதிர்த்திசையில் போய், அவர்கள் போதுமான அளவு சாப்பிடுவதாகக் காட்டிவிடும். படம் எடுத்து அனுப்புபவர்கள் சாப்பிடும் முன் ஒன்று, முடித்தபின் ஒன்று என இரண்டு எடுக்கவேண்டும். நேர் மேலிருந்து எடுத்தால் குவியலின் உயரம் தெரியாது. 45 பாகை சாய்வில் எடுங்கள். தட்டுக்குப் பக்கத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள் இருக்கட்டும், ஒரு தேக்கரண்டி போதும். படத்தில் எண்ணெயும் சர்க்கரையும் தெரியாது. அதற்குக் கீழே ஒரு வரி எழுதியே ஆகவேண்டும்.

இனி குடித்தது. இரவு உணவுக் குறிப்புகளில் என்னை அதிகம் கவலைப்படவைப்பது இதுதான், ஏனென்றால் குடிப்பதை யாரும் சாப்பாடாக நினைப்பதில்லை. சர்க்கரை சேர்த்த குளிர்பானங்களில் 100 மில்லிக்கு 10 அல்லது 11 கிராம் சர்க்கரை இருப்பது வழக்கம். 330 மில்லி டின் ஒன்றில் 35 கிராம். இயல்பாகப் பண்டத்துக்குள் இருக்கும் சர்க்கரையைத் தவிர்த்து, சேர்க்கும் சர்க்கரையும் தேன், பழச்சாறு வழியாக வருவதும் ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. 5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் கூடுதல் நன்மை என்றது. 2,000 கிலோகலோரி சாப்பிடுபவருக்கு முதலாவது 50 கிராம், இரண்டாவது 25 கிராம். அந்த ஒரு டின் இரண்டாவது வரம்பைத் தாண்டிவிடுகிறது. பழத்தைப் பிழிந்து வீட்டிலேயே எடுத்த சாறும் இந்தக் கணக்கில்தான் வருகிறது, முழுப் பழம் வராது.

கோப்பையின் அளவை எழுதினால் போதாது, உள்ளே பனிக்கட்டி இருந்ததா என்றும் எழுதவேண்டும். விளிம்பு வரை பனிக்கட்டி போட்ட 400 மில்லி கோப்பையில் பானம் பாதிதான் இருக்கும். ஒருமுறை வடிகட்டி வழியாக ஊற்றி அளந்து பார்த்தால் விளங்கிவிடும். அதை 400 என்று எழுதினால் 42 கிராம் சர்க்கரை குடித்ததாகக் கணக்காகும். உண்மையில் 21 கிராம். மறுபடி நிரப்பித் தந்ததை எழுதாமல் விட்டால் தவறு மறுபக்கம் சாயும்.

மது அருந்துபவர்கள் ‘ஒரு கிளாஸ்’ என்று எழுதுவதில் பொருளே இல்லை. மில்லியையும் புட்டியில் அச்சிட்ட விழுக்காட்டையும் எழுதினால் கணக்கு எளிது: மில்லி, விழுக்காடு இரண்டையும் பெருக்கி 100-ஆல் வகுத்து 0.789-ஆல் பெருக்கினால் தூய ஆல்கஹால் கிராமில் வரும். 5 விழுக்காட்டு பீர் 330 மில்லியில் 13 கிராம். 12 விழுக்காட்டு ஒயின் 150 மில்லியில் 14 கிராம். 40 விழுக்காட்டு மது 45 மில்லியிலும் அதே 14 கிராம். கிராமுக்கு 7 கிலோகலோரி. கலக்கும் பானத்தின் சர்க்கரை தனி. இன்சுலின் போடுபவர்களும், கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கவைக்கும் மாத்திரை எடுப்பவர்களும் இதைக் கட்டாயம் எழுதவேண்டும். கல்லீரல் ஆல்கஹாலைச் சிதைக்கும் நேரத்தில் புதிதாகக் குளுக்கோஸ் செய்வது குறைகிறது. இரவு குடித்ததற்கு விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்து போகலாம்.

தேநீரும் காபியும் குடிப்பவர்கள் நேரத்தை எழுதுங்கள். தேநீரை உணவோடு சேர்த்துக் குடித்தால் கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றின் இரும்புச்சத்து உடலில் சேர்வது வெகுவாகக் குறையும்; ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் பாதிப்பு குறைவு. இரத்தசோகை உள்ளவரின் குறிப்பில் ‘தேநீர்’ என்ற சொல்லைவிட, ‘சாப்பாட்டோடு’ என்ற சொல்தான் மருத்துவருக்குத் துப்பு. காபியின் காஃபீன் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது, ஆளுக்கு ஆள் மாறும். 8 மணிக்குக் குடித்த காபியில் பாதி நள்ளிரவு தாண்டியும் உடம்பில் இருக்கும்.

நேரம் என்று சொல்லும்போது முதல் வாய் எடுத்த நேரத்தைச் சொல்கிறேன். ‘சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து’ சர்க்கரை பார்க்கச் சொன்னால் அந்த இரண்டு மணி நேரமும் சாப்பிடத் தொடங்கியதிலிருந்துதான். பலர் கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணுகிறார்கள். நிதானமாக முக்கால் மணி நேரம் சாப்பிடுபவருக்கு அளவு தவறிவிடும். கொழுப்பு மிகுந்த சாப்பாடு இரைப்பையை விட்டு மெதுவாக இறங்கும் என்பதால், இரண்டு மணி நேரத்தில் நன்றாகத் தெரிந்த சர்க்கரை மூன்று, நான்கு மணி நேரத்துக்குப் பிறகு ஏறலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் படுத்த நேரத்தையும் சேர்த்து எழுதவேண்டும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு, மூன்று மணி நேரம் இருக்கிறதா என்று பார்ப்பதே சிகிச்சையின் முதல் படி.

வெளியே சாப்பிட்ட இரவுக்கு மறுநாள் காலை எடை கூடியிருந்தால் கொழுப்பு ஏறிவிட்டது என்று பதறவேண்டாம். உடல் திரவத்தில் உப்பின் செறிவு லிட்டருக்கு 9 கிராம் அளவில் இருக்கிறது. வழக்கத்தைவிட 4, 5 கிராம் உப்பு கூடுதலாகப் போனால் சிறுநீரகம் அதை வெளியேற்றும் வரை அரை லிட்டர் தண்ணீர் வரை உடம்பில் தங்கும். ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பொட்டலத்தில் சோடியம் என்று போட்டிருந்தால் 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். வெளியே சாப்பிட்டதை எழுதும்போது தொட்டுக்கொண்ட சாஸ், மேலே ஊற்றிய குழம்பு, பகிர்ந்துகொண்ட தட்டில் எத்தனை பேர் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும்போதுதான் இந்தக் குறிப்பின் அருமை தெரியும். வாந்தி வந்தால் எல்லோரும் கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் அது தவறு. பேசில்லஸ் சீரியஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆகிய பாக்டீரியாக்கள் உணவிலேயே நஞ்சைச் செய்து வைத்துவிடுவதால் அரை மணி முதல் ஆறு, எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். நோரோவைரஸுக்கு 12 முதல் 48 மணி நேரம். சால்மோனெல்லா பாக்டீரியாவுக்கு 6 மணி நேரத்திலிருந்து 6 நாள். கேம்பைலோபாக்டர் பாக்டீரியாவுக்கு 2 முதல் 5 நாள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் என்றால் 15 முதல் 50 நாள். ஆகவே ஞாயிறு காலை பேதியானால் சனி இரவை மட்டும் சொல்வது போதாது. புதன், வியாழன் இரவுகளும் வேண்டும்.

அதோடு, சாப்பிட்ட நேரத்தைப் போலவே சமைத்த நேரமும் வேண்டும். வடித்த சோறு அறைச்சூட்டில் மணிக்கணக்காக இருந்தால், சமையலில் சாகாத பேசில்லஸ் சீரியஸ் வித்துகள் முளைத்துப் பெருகும். அது செய்யும் வாந்தி நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சூடாக்கித்தானே சாப்பிட்டோம் என்ற சமாதானம் அதனால் இங்கே செல்லாது. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரங்களில் பரப்பி ஆறவிட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருக்கவேண்டும். ஒரே விருந்தில் பலர் நோய்ப்பட்டால், சாப்பிடாதவர்களின் பட்டியலும் சாப்பிட்டவர்களின் பட்டியலுக்குச் சமமான மதிப்புள்ளது. ஒரு பண்டத்தைச் சாப்பிட்ட 12 பேரில் 9 பேரும், தொடாத 8 பேரில் ஒருவரும் நோய்ப்பட்டால், 75 விழுக்காட்டுக்கு எதிரே 12.5 விழுக்காடு, ஆறு மடங்கு. சந்தேகம் அந்தப் பண்டத்தின் மேல் விழும். எல்லோரும் நோயாளிகளை மட்டும் விசாரித்தால் அந்த ஒப்பீட்டுக்கே வழியில்லை.

தடிப்பு, அரிப்புக்கும் நேரம்தான் சாட்சி. உணவு ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் காட்டிவிடும். ஆனால் உண்ணி கடித்தவர்கள் சிலருக்கு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி சாப்பிட்டு இரண்டு முதல் ஆறு மணி நேரம் கழித்து, தூக்கத்தில், உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறும். இரவு 8 மணி இறைச்சியை நள்ளிரவு 1 மணித் தடிப்போடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. நேரம் எழுதிய குறிப்பு இருந்தால் மருத்துவர் பார்ப்பார். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைப் பிடித்தபின் குளிரில் வைக்காமல் விட்டால் அதில் ஹிஸ்டமின், அதாவது ஒவ்வாமையின்போது உடம்பே சுரக்கும் அதே வேதிப்பொருள், சேரும். சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, ஒவ்வாமை போலவே தெரியும். கொதிக்கவைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. அதே மீனைச் சாப்பிட்ட இன்னொருவருக்கும் அப்படி வந்ததா என்ற ஒரு கேள்வி, வாழ்நாள் முழுக்க மீனை ஒதுக்கவேண்டிய தேவையிலிருந்து ஒருவரைக் காப்பாற்றும்.

மாத்திரையை விட்டுவிடாதீர்கள். தைராய்டு மாத்திரையை இரவில் எடுக்கச் சொல்லியிருந்தால் கடைசி வாய்க்கும் அதற்கும் மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையை நிறுத்தத் தேவையில்லை, வாரத்துக்கு வாரம் அளவு ஏறி இறங்காமல் இருந்தால் போதும். அதற்கு அளவை எழுதித்தான் தீரவேண்டும். கொழுப்பைக் (கொலஸ்ட்ரால்) குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர்கள் கிரேப்ஃப்ரூட் என்ற ஆரஞ்சு இனப் பழத்தின் சாறு குடித்தால் குடலில் அந்த மருந்தைச் சிதைக்கும் நொதி முடங்கி இரத்தத்தில் மருந்து அதிகமாகும். சில மணி நேரம் தள்ளிக் குடித்தாலும் இது தீராது.

வாசகர் குறிப்புகளைக் கேட்டு வாங்கும்போது முதல் வாயின் நேரம், அளவு, சமைத்த விதம், குடித்தது என நான்கு வெற்றிடங்களை அச்சிட்டுத் தருமாறு வேண்டுகிறேன். நிரப்பினால் இப்படி இருக்கும்:

இரவு 8.10-க்குத் தொடங்கி 8.35-க்கு முடித்தது, வீட்டில். வெந்த சோறு 180 கிராம். மதியம் 1 மணிக்கு வடித்து, 2 மணிக்குக் குளிர்பெட்டியில் வைத்து, ஆவி பறக்கச் சூடாக்கியது. மீன் ஒரு துண்டு, முள் நீக்கி 95 கிராம், 2 தேக்கரண்டி எண்ணெயில் வாட்டியது. அரைத் தேக்கரண்டி சட்டியில் மிஞ்சியது. வேகவைத்த பீன்ஸ் 120 கிராம் பரிமாறியது, பாதி மிச்சம். சாப்பாட்டோடு தண்ணீர் 300 மில்லி. 8.50-க்குச் சர்க்கரை இல்லாத பால் 150 மில்லி. 9.30-க்கு ஒரு வாழைப்பழம். சர்க்கரை மாத்திரை 8 மணிக்கு. 10.10-க்குச் சர்க்கரை அளவு பார்த்தது. 11 மணிக்குப் படுத்தது.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர், தங்கள் வாசகர்